அடுத்தடுத்து இரண்டு திங்கட்கிழமை

காலண்டர் அச்சகத்தில் வருஷம் ஆகஸ்டிலேயே செத்துவிடும். ஊரே நடப்பு வருஷத்தின் நடுவில் நின்று திணறிக்கொண்டிருக்கும்போது, அங்கே இருப்பவர்கள் மட்டும் அடுத்த வருஷத்துப் பிப்ரவரியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். "இன்னைக்கு என்ன தேதி?" என்று அவர்களிடம் கேட்கக் கூடாது. "எந்த வருஷத்துல?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

அந்த அச்சகத்தில் ஒருவருக்கு வினோதமான வேலை. தினம் ஒரு தாளாகக் கிழிக்கிற காலண்டரில், தேதிக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்குமே, அதை எழுதுவது. 'விழுவது தவறல்ல, எழாமல் கிடப்பதே தவறு' என்பது மாதிரி. விழுந்தவன் பக்கத்தில் போய்க் கை கொடுக்காமல், மேஜையில் உட்கார்ந்தபடியே ஊரில் உள்ள அத்தனை பேரையும் தூக்கி நிறுத்துகிற தொழில். பல வருஷமாகச் செய்கிறார். அச்சகத்தில் எல்லாருக்கும் அவர் 'பொன்மொழி'. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலுக்குள் எங்கோ தூங்கிக்கொண்டிருந்தது.

ஜனவரிக்கு எழுதும்போது பொன்மொழி சிங்கம். மார்ச்சில் குதிரை. ஜூலையில் வண்டிமாடு. அக்டோபருக்குப் பிறகு மாடும் படுத்துவிடும். வண்டி மட்டும் சரிவில் தானாக உருண்டுகொண்டிருக்கும். டிசம்பர் வந்தால் அதுவும் நின்றுவிடும். அப்போது அவர் பழைய டிசம்பரை எடுத்து, பழைய சட்டையை உள்பக்கம் வெளிப்பக்கமாகத் திருப்பிப் போடுவது போல, வரிகளை முன்பின் மாற்றிப் போட்டுக் கொடுத்துவிடுவார். ஒன்பதாம் தேதியின் நம்பிக்கை பதினாறாம் தேதிக்குப் போகும். பதினாறின் விடாமுயற்சி மூன்றாம் தேதிக்கு வரும். யாரும் கேட்டதில்லை. டிசம்பர் தாளை எவன் படிக்கிறான்? காலண்டர் மெலிந்து, அட்டை பல்லைக் காட்டும்போது எல்லாருக்கும் புதுக் காலண்டர் மேல்தான் கண்.

இதை அவர் ஒரு குற்றமாக நினைத்ததே இல்லை. தொழில் நுணுக்கம் என்று நினைத்திருந்தார்.

அவர் மனைவி தபால் பிரிப்பவள். பெரிய தபால் நிலையத்தின் பின்கட்டில், சின்னச் சின்ன அறைகள் வைத்த அலமாரியின் முன்னால் நின்று, இடது கையில் கடிதக் கட்டைப் பிடித்துக்கொண்டு வலது கையால் ஒவ்வொன்றாக உருவி அந்தந்த ஊரின் அறைக்குள் வீசுகிற வேலை. சீட்டு போடுகிற மாதிரி இருக்கும் பார்க்க. பேச்சு ஒரு பக்கம் ஓடும், கை ஒரு பக்கம் ஓடும். கை தப்பவே தப்பாது. இந்த வருஷம் பிப்ரவரியில் ஒரு நாள் கட்டு நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் எழுந்திருக்கவில்லை.

பக்கவாதம். வாய் சில வாரங்களில் நேரானது. கால் கோடைக்குள் சரியானது. வலது கை மட்டும் வரவில்லை. அது அவள் உடம்பில் விருந்தாளி மாதிரி ஒதுங்கிக் கிடந்தது. தபால் நிலையத்தில் வருஷக் கடைசி வரை மருத்துவ விடுப்பு கொடுத்திருந்தார்கள். ஜனவரி தொடங்கியதும் மருத்துவ அதிகாரி முன்னால் நின்று ஒரு கட்டைப் பிரித்துக் காட்ட வேண்டும். காட்டினால் வேலை. இல்லையென்றால், 'தகுதியில்லை' என்று எழுதி, ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்கள்.

அதனால் அவள் உழைத்தாள். வாரம் இரண்டு தரம் பிசியோதெரபி செய்கிற பெண் வீட்டுக்கு வருவாள். கையில் ஒரு பை, வாயில் ஒரு சூயிங்கம், மனசில் இரக்கம் என்பது மருந்துக்கும் கிடையாது. "அக்கா, விரல் அழுதா அழட்டும், நீங்க அழாதீங்க" என்பாள். பஞ்சை அமுக்குவது, துணி மாட்டுகிற கிளிப்பைத் திறந்து மூடுவது, அச்சகத்து வேஸ்ட் பேப்பரை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குவது. ஜூனில் விரல் மடங்கியது. ஆகஸ்டில் கட்டைவிரல் ஆட்காட்டிவிரலைத் தொட்டது. அன்றைக்குக் கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

அதற்கப்புறம் கை அங்கேயே நின்றது. செப்டம்பரிலும் அதே இடம், அக்டோபரிலும் அதே இடம். நவம்பரில் அவளோடு வேலை பார்த்தவள் ஒருத்தி பார்க்க வந்தாள். நல்ல மனசுக்காரி. ஆறுதல் சொல்லத்தான் வந்தாள்.

"நீ வேலையைப் பத்திக் கவலையே படாதடி. உன் இடத்துல ஒரு சின்னப் பொண்ணைப் போட்டிருக்காங்க. கையா அது! மின்னல். ஒரு கடுதாசி தேங்கல."

வந்தவள் நிம்மதியாகப் போய்விட்டாள். மறுநாளிலிருந்து இவள் கிளிப்பைத் தொடவில்லை.

"இப்ப விட்டா விரல் உள்பக்கமா சுருண்டுக்கும்கா. அப்புறம் நான் வந்து ஒண்ணும் புடுங்க முடியாது" என்றாள் பிசியோ.

"வருஷமே முடியப் போகுது. இனிமே என்ன?"

"வருஷம் முடியட்டுமே. கை உங்க கூடத்தானே இருக்கப்போகுது?"

பிசியோ பையைத் தூக்கிக்கொண்டு போகும்போது வாசலில் பொன்மொழியைப் பிடித்தாள். "சார், நீங்கதான் நாலு வார்த்தை நல்லதாச் சொல்லணும். அதானே உங்க வேலை?"

ஆமாம், அதுதான் அவர் வேலை. அன்று சாயங்காலம் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார். செருமியிருக்கக் கூடாது, அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"இங்க பாரு. கரையை நெருங்கும்போதுதான் அலை அதிகமா இருக்கும். அதனால..."

"போன வருஷம் டிசம்பர் ஒம்பது" என்றாள் அவள்.

"என்னது?"

"கரை, அலை. போன வருஷம் டிசம்பர் ஒம்பது. அதுக்கு முந்தின வருஷம் டிசம்பர் பதினாறு. இந்த வருஷம் நாளான்னிக்கு வருது. கிழிக்கலை இன்னும்."

அவருக்கு வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. "நீ அதெல்லாம் படிக்கிறியா?"

"வீட்டுல ஒருத்தர் எழுதுறாரே, படிக்காம இருந்தா நல்லாயிருக்குமா? தினம் படிக்கிறேன். ஒவ்வொரு வருஷமும். டிசம்பர் உட்பட." திரும்பிப் படுத்துக்கொண்டாள். சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "நீங்களே நவம்பரோட கடையை மூடிடுறீங்க. நான் மூடினா மட்டும் குத்தமா?"

ஊருக்கு உபதேசம் செய்பவனுக்கு வீட்டில் மரியாதை இருக்காது என்பது பழைய கதை. இங்கே விஷயம் அதைவிட மோசம். உலகத்தில் அவர் எழுதிய டிசம்பரை உட்கார்ந்து படித்த ஒரே ஜீவன் அவள். அவளை ஏமாற்றித்தான் இத்தனை வருஷமும் சம்பளம் வாங்கியிருக்கிறார். அவர் நாற்காலியை எடுத்துப் பழைய இடத்திலேயே சத்தம் வராமல் வைத்தார். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அச்சகத்தில் அப்போது ஊக்கம் கரைபுரண்டு ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி எங்கோ இரண்டு நாள் பயிற்சி முகாமுக்குப் போய்க் கோட்டு போட்டுக்கொண்டு திரும்பியிருந்தார். போனவர் காலண்டர் முதலாளி. வந்தவர் தலைவர். இயந்திரங்களை நிறுத்தச் சொல்லி, எல்லாரையும் பேப்பர் ரீல்களுக்கு நடுவில் நிற்க வைத்து, ஒரு பெட்டி மேல் ஏறினார். அவருக்குப் பின்னால் துணியில் பெரிய எழுத்து: 'இறுதி மாதம், உறுதி மாதம்.'

"வருஷம் தானா முடியாது! நாம முடிக்கணும்!" என்றார்.

வருஷம் தானாகத்தான் முடியும் என்பது காலண்டர் அச்சடிக்கிறவர்களுக்குத் தெரியாதா? ஆனாலும் கைதட்டினார்கள். எல்லாரும் வலது கையை நெஞ்சில் வைத்து, 'நான் முடிப்பேன்' என்று மூன்று தரம் கத்த வேண்டும் என்றார். கத்தினார்கள்.

பொன்மொழி பக்கத்தில் பைண்டர் நின்றுகொண்டிருந்தார். தாள்களை அடுக்கித் தகரப் பட்டை அடிக்கிற வேலை அவருக்கு. வாயில் எப்போதும் இரண்டு ஆணி. ஆணியை எடுக்காமலே முணுமுணுத்தார்: "இவர் பேச்சை எப்ப முடிப்பாருன்னு யாராவது கேளுங்க சார்."

முடிவில் ஆளுக்கொரு புதுக் காலண்டர் பரிசு. அவர்களே எழுதி, அவர்களே அச்சடித்து, அவர்களே ஆணி அடித்த காலண்டர். முதலாளி அதைப் பதக்கம் மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார். இந்தத் தடவை கடைசித் தாளில் புதுமை ஒன்று: டிசம்பர் முப்பத்தொன்றில் முதலாளியின் புகைப்படம். கைகளைக் கட்டிக்கொண்டு, எதிர்காலத்தைப் பார்ப்பது போலத் தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே உண்மையில் இருந்தது போட்டோகிராபரின் வெளிச்சக் குடை.

பொன்மொழி காலண்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார். மனைவி அதை இடது கையால் மடிக்கு இழுத்தாள். முதல் தாளைப் பார்க்கவில்லை. நேராகக் கடைசிக்குப் போனாள்.

"கடைசியில என்ன பாக்கிற?"

"கடைசின்னு ஒண்ணு இருக்கான்னு பாக்கிறேன்" என்றாள். கொஞ்ச நேரம் புரட்டினாள். முன்னால் போனாள், பின்னால் வந்தாள். "ஏங்க, நவம்பர் முப்பது என்ன கிழமை?"

"நீதானே வச்சிருக்க. பாரு."

"திங்கள்."

"சரி."

"டிசம்பர் ஒண்ணு?"

"செவ்வாய்."

"திங்கள்னு போட்டிருக்கு."

அவர் எட்டிப் பார்த்தார். நவம்பர் முப்பது, திங்கள். டிசம்பர் ஒன்று, திங்கள். அங்கேயிருந்து வரிசையாக மாதம் முழுக்க ஒவ்வொரு கிழமையும் ஒரு படி பின்னால் நின்றது. அவருக்கு உடனே புரிந்தது. ஜூலையில் அவளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த நாட்களில், டிசம்பரைக் கலைத்துப் போடக்கூட அவருக்குத் தெம்பில்லை. இந்த வருஷத்து டிசம்பரை அப்படியே, தேதி கிழமை வரி எல்லாம் சேர்த்து, தூக்கிக் கொடுத்துவிட்டார். டைப் அடிக்கிற பெண் அவர் பார்த்திருப்பார் என்று நினைத்தாள். அவர் அவள் பார்ப்பாள் என்று நினைத்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நம்பியதில் ஒரு செவ்வாய்க்கிழமை காணாமல் போனது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாதக்கணக்கில் வராத சிரிப்பு, வாயின் ஒரு ஓரமாக ஏறி வந்தது. "ரெண்டு திங்கக்கிழமையா! ஒண்ணையே மனுஷனால தாங்க முடியலை. எவன் கேட்டான் உங்ககிட்ட?"

அவரும் சிரிக்கப் பார்த்தார். அதற்குள் அவள் சிரிப்பை நிறுத்திவிட்டிருந்தாள்.

"இது எத்தனை வீட்டுக்குப் போகும்?"

"பாதி போயாச்சு. மீதி கிடங்குல இருக்கு."

"எவனாவது இதைப் பாத்து ஆஸ்பத்திரிக்குப் போவான். எவளாவது பரீட்சைக்குப் போவா. போனா முந்தின நாளே முடிஞ்சிருக்கும்." அவள் குரல் மாறியிருந்தது. அலமாரி முன்னால் நிற்கும்போது இருக்கிற குரல். "ஒரு கடுதாசியைப் பக்கத்து அறையில போட்டா, அது வேற ஊருக்குப் போய், ஒரு மாசம் கழிச்சு அழுக்கா திரும்பி வரும். அதுக்குள்ள அதை எழுதின ஆள் செத்துக்கூடப் போயிருப்பான். நாளைக்கே போய்ச் சொல்லிடுங்க."

"முதலாளி தோலை உரிச்சிடுவார்."

"உரிக்கட்டும். தப்பு உங்களுது."

மறுநாள் அவர் போய் நின்றார். பைண்டரையும் கூட்டிக்கொண்டு போனார். தனியாகப் போகத் தைரியமில்லை. முதலாளி 'உறுதி மாதம்' துணிக்குக் கீழே உட்கார்ந்து கேட்டார்.

"எந்த மாசம்யா?"

"டிசம்பருங்க."

"இந்த டிசம்பரா?"

"அடுத்த வருஷம் டிசம்பர்."

தலைவருக்கு உயிர் வந்தது. "அட, இன்னும் ஒரு வருஷம் இருக்கேய்யா! அதுக்குள்ள ஆயிரம் நடக்கும். டிசம்பரை எவன் பாக்கிறான்? விடு."

இது பொன்மொழியின் சொந்த வாக்கியம். வருஷக்கணக்காகத் தனக்குள் சொல்லிக்கொண்டது. இன்னொருவர் வாயிலிருந்து, அதுவும் கோட்டு போட்ட வாயிலிருந்து கேட்கும்போது அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. "பாக்கிறவங்க இருக்காங்க முதலாளி" என்றார்.

பைண்டர் வாயிலிருந்து ஆணியை எடுத்தார். அது அபூர்வம். காலண்டரின் கடைசித் தாளைத் திருப்பி முதலாளி முன்னால் வைத்தார்.

"இங்க பாருங்க முதலாளி. உங்க தலைக்கு மேல புதன்னு போட்டிருக்கு. அன்னைக்கு வியாழன். ஒரு வருஷம் கழிச்சு ஊரே உங்களைத்தான் கிழிக்கும். அப்ப பாப்பாங்க."

முதலாளி தன் புகைப்படத்தை வெகுநேரம் பார்த்தார். தொலைநோக்கு உள்ள ஒருவர், இன்றைக்கு என்ன கிழமை என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

"மாத்து" என்றார்.

ஆனால் ஆள் தர மாட்டார். எல்லாரும் பார்சல் கட்டுவதில் இருக்கிறார்கள். டிசம்பர் தாளை மட்டும் புதிதாக அச்சடித்து வெட்டித் தருவார். முப்பத்தொரு தாளையும் தேதி வரிசையில் கோக்க வேண்டியது தப்புச் செய்த ஆளின் பாடு. கோத்துக் கொண்டுவந்தால், கிடங்கில் மீந்திருக்கும் காலண்டர்களில் பழைய டிசம்பரை உருவிவிட்டுப் புதுசைச் செருகிப் பட்டையடித்துத் தர பைண்டர் ஒப்புக்கொண்டார். ஏற்கெனவே வெளியே போனவை போனவைதான். புது வரிகள் மறுநாள் காலைக்குள் வேண்டும்.

பொன்மொழி வீட்டுக்கு வந்து பேனாவும் தாளுமாக உட்கார்ந்தார். ஒரு வரி வரவில்லை. முயற்சி என்று எழுதினார், அடித்தார். விடியல் என்று எழுதினார், அதையும் அடித்தார். எதிரே கட்டிலில் சுருண்ட விரல்களை மடியில் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே எழுதக்கூடிய வரி ஒன்றும் அவரிடம் இல்லை.

"என்ன எழுதட்டும்?" என்று கேட்டேவிட்டார்.

"காலியா விடுங்க."

"காலியாவா?"

"சொல்றதுக்கு இல்லேன்னா எதுக்குச் சொல்றீங்க? கிழமையைச் சரியாப் போடுங்க, போதும். ஒரு மாசமாவது ஜனங்க நிம்மதியா இருக்கட்டும்."

அவர் காலியாகவே விட்டார். தேதி, கிழமை, கீழே வெள்ளை. மறுநாள் முதலாளி கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனார். முதலாளி வெள்ளையைப் பார்த்தார், நெற்றியைச் சுருக்கினார். பைண்டர் குறுக்கே விழுந்து, "வாங்கறவங்க அவங்கவங்க இலக்கை எழுதிக்க இடம் முதலாளி" என்றார். முதலாளி முகம் மலர்ந்தது. அன்று மத்தியானமே இன்னொரு கூட்டம் போட்டு, தனக்குப் பயிற்சி முகாமில் உதித்த யோசனை என்று அதை விளக்கினார். எல்லாரும் கைதட்டினார்கள்.

அட்டைப் பெட்டிகள் வீட்டுக்கு வந்தன. கூடத்தில் நடக்க இடமில்லை. பொன்மொழி சாப்பாட்டு மேஜையை இழுத்துப் போட்டு, முப்பத்தொரு அடுக்காகத் தாள்களை வைத்தார். ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒன்று எடுக்க வேண்டும், தட்டிச் சேர்க்க வேண்டும், கிளிப் போட வேண்டும். சுற்றிச் சுற்றி வந்து செய்தார். எழுத்தாளன் கை, ஒரு தாள் எடுக்கப் போனால் இரண்டு வரும், அல்லது ஒன்றுமே வராது.

அவள் கட்டிலிலிருந்து கோத்த கட்டு ஒன்றை எடுத்துப் பார்த்தாள். "பதினேழு எங்க?"

"இல்லையா?"

"இருபத்தி நாலு ரெண்டு இருக்கு. ரெண்டு திங்கக்கிழமை போதாதுன்னு ரெண்டு இருபத்தி நாலா?" எழுந்து வந்தாள். "தள்ளுங்க. உங்களைக் கட்டிக்கிட்ட நாள்லேருந்து பாக்கிறேன், ஒரு பொருளை எடுத்த இடத்துல வைக்கத் தெரியாது."

மேஜை முன்னால் நின்றாள். இடது கையால் கோக்க ஆரம்பித்தாள். இரண்டு கட்டு முடிந்தபோது வாசலில் பிசியோ நின்றாள். அவளுடைய நாள் அது. மேஜையைப் பார்த்தாள், பெட்டிகளைப் பார்த்தாள், சூயிங்கத்தைக் கன்னத்தில் ஒதுக்கினாள். ஒன்றும் கேட்காமல் கொடியிலிருந்த துண்டை எடுத்துவந்து, அவள் இடது கையைத் தூக்கிப் பின்பக்கமாக வைத்து இடுப்போடு சேர்த்துக் கட்டிவிட்டாள்.

"என்னடி பண்ற?"

"இந்தக் கைக்கு லீவு. அந்தக் கை செய்யட்டும்."

"நீ நல்லாவே இருக்க மாட்டடி."

"இருக்க வேண்டாம்கா. தாளை எடுங்க."

வலது கை மேஜைக்கு வந்தது. முதல் அடுக்கின் மேல் விரல்கள் இறங்கின. கட்டைவிரல் தேய்த்தது, தாள் நகரவில்லை. மறுபடி தேய்த்தது, நாலு தாள் சேர்ந்து வந்தது. மூன்றைத் திரும்ப வைக்கப் போனபோது முழங்கை இடித்து, பக்கத்து அடுக்கு சரிந்து, ஏழாம் தேதிகள் எல்லாம் தரையில் விரிந்தன. அவள் அப்படியே நின்றாள். உதடு கோணியது. சத்தமே இல்லாமல் அழுதாள். கண்ணைத் துடைக்க ஒரு கைக்கு வழியில்லை, இன்னொரு கைக்கு வலுவில்லை.

பொன்மொழிக்கு நாக்கின் நுனியில் ஒரு வரி வந்துவிட்டது. பழக்க தோஷம். விழுவது, எழுவது என்று ஏதோ ஒன்று. அவர் அதைப் பல்லுக்குப் பின்னாலேயே நிறுத்தி, விழுங்கினார். குனிந்து, ஏழாம் தேதிகளைப் பொறுக்கினார். ஓரம் சமமாகத் தட்டி, அவள் கைக்கு எட்டுகிற மாதிரி மேஜை விளிம்புக்குக் கொஞ்சம் நெருக்கமாக வைத்தார். பிறகு அவள் முகத்தைத் தன் தோள் துண்டால் துடைத்துவிட்டார். அவ்வளவுதான். பிசியோகூடச் சூயிங்கம் மெல்லவில்லை.

அவள் மறுபடி முதல் அடுக்குக்குப் போனாள்.

அன்றைக்கு வலது கையால் முடிந்தது ஒரே ஒரு கட்டு. அதை அவளே எடுத்துச் சரிபார்த்தாள். முப்பத்தொன்றும் இருந்தன, வரிசையாக. "இது வேகம் இல்லை" என்றாள். "இல்லை" என்றார் அவர். அவள் அதை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. திரும்பி அவரை ஒரு தரம் பார்த்தாள்.

மறுநாளும் நின்றாள். அதற்கு மறுநாளும். சில நாள் கை சொன்னதைக் கேட்டது, சில நாள் கட்டை மாதிரிக் கிடந்தது. கிடந்த நாட்களில் அவர் கோத்ததைத் திட்டிக்கொண்டே சரிபார்த்தாள். திட்டுவதற்கு நிறையவே இருந்தது. யாரும் யாரையும் ஊக்குவிக்கவில்லை. கிழமை தப்பாக எந்த வீட்டுச் சுவரிலும் தொங்கக் கூடாது, அவ்வளவுதான் பேச்சு. வருஷத்தின் கடைசி நாள் எப்போது வந்து எப்போது போனது என்று இரண்டு பேரும் கவனிக்கவில்லை. பைண்டர் வந்து முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். முதலாளி அதற்குள் ஜனவரிக்கு வேறு துணி எழுதிக் கட்டிவிட்டார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தபால் நிலையத்தின் பின்கட்டில் அந்த அலமாரி அப்படியே இருந்தது. மருத்துவ அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டார். அவளிடம் ஒரு கட்டைக் கொடுத்தார்கள். இடது கையில் பிடித்தாள். வலது கை போய் முதல் கடிதத்தைத் தேய்த்தது. வந்தது. அறைக்குள் போனது. இரண்டாவது வந்தது. மூன்றாவது நழுவித் தரையில் விழுந்தது. கூட வந்திருந்த பொன்மொழி எடுக்கக் குனிந்தார்.

"நீங்க சும்மா இருங்க சார்" என்றார் அதிகாரி.

அவளே குனிந்தாள். கூடத்தில் இருந்தவர்களின் கைகள் ஒரு நிமிஷம் நின்றுபோயின; எல்லாருக்கும் பிப்ரவரி ஞாபகம் வந்திருக்கும். அவள் எழுந்தாள். கடிதத்தை அதன் அறையில் போட்டாள். கட்டு முடிய வெகுநேரம் ஆனது. அதிகாரி இரண்டு முறை கொட்டாவி விட்டார். முடிந்ததும் மேற்பார்வையாளர் ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். ஒன்றுகூடத் தப்பில்லை.

"தப்பில்லை, சரி. ஆனா வேகம் பத்தாதும்மா" என்றார் அதிகாரி. குரலில் கெட்ட எண்ணம் இல்லை. "இதுல பாதி நேரத்துல முடிக்கணும். பத்து மாசமா பயிற்சி எடுத்தீங்கதானே? என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"டிசம்பர் பிரிச்சிட்டிருந்தேன்" என்றாள் அவள்.

அவருக்குப் புரியவில்லை. புரியாததை எல்லாம் விசாரிக்கிற வயதை அவர் தாண்டியிருந்தார். மார்ச் கடைசி வரை சம்பளம் இல்லாத விடுப்பு, அப்போது இன்னொரு பரீட்சை, அதுவே கடைசி என்றார். "அதுக்கப்புறம் என் கையில இல்லை."

வெளியே வருவதற்கு முன் அவள் தன் பழைய இடத்துக்கு முன்னால் கொஞ்சம் நின்றாள். அங்கே அந்தச் சின்னப் பெண் பிரித்துக்கொண்டிருந்தாள். சொன்ன மாதிரியே மின்னல். இவள் அந்தக் கையையே பார்த்தாள், கட்டைவிரல் எப்படிப் போகிறது, மணிக்கட்டு எங்கே திரும்புகிறது என்று. அந்தப் பெண் கூச்சத்தில் நெளிந்தாள்.

"நல்ல கை" என்றாள் இவள். "ஆனா கட்டை ரொம்ப இறுக்கிப் பிடிக்கிற. சாயங்காலத்துல தோள் வலிக்கும் பாரு."

தெருவில் பஸ்ஸுக்கு நின்றார்கள். காற்று குளிர்ந்திருந்தது. அவள் வலது கையை அவர் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டாள், குளிருக்குத்தான். விரல்கள் உள்ளே மெதுவாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தன.

"என்னமோ சொல்ல வாயெடுத்தீங்க" என்றாள்.

"இல்லையே."

"எடுத்தீங்க. சொல்லித் தொலைங்க."

அவர் தெருக்கோடியைப் பார்த்தார். பஸ் வரவில்லை. "இன்னும் நாலு பெட்டி பாக்கி இருக்கு" என்றார்.

"அஞ்சு" என்றாள் அவள். "கட்டிலுக்கு அடியில ஒண்ணைத் தள்ளி வச்சிருக்கேன். உங்க கண்ணுல பட்டா நீங்க கோத்துக் கெடுத்துடுவீங்க."